தகுதி இல்லேன்னு யார் சொன்னது?

டிசம்பர் 24 இராத்திரி நம்ம பக்கத்துக் கோயில்களில் கேட்கிற பிரசங்கம் ஏறக்குறைய ஒரே பிரசங்கம்தான். நாமெல்லாம் தகுதி இல்லாதவர்கள். அப்படியிருந்தும் கடவுள் நம்மைத் தேடிக் குழந்தையாக வந்தார். ஆகவே நாமும் தாழ்மையோடு இருப்போம். ஆமென். பிறகு மணி அடிக்கும், குடிலில் விளக்கு எரியும், கேக் வெட்டுவார்கள்.

இதில் நடு வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. முன்னால் இருப்பதோடும் பின்னால் இருப்பதோடும்தான் சண்டை. 'நாமெல்லாம்' என்றால் யார் யார்? மிராசு வீட்டு வாரிசாய் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பவரும், அவர் பண்ணையில் மூன்று தலைமுறை சாணி அள்ளிய குடும்பத்திலிருந்து வந்து பின்னால் நிற்பவரும் ஒரே மாதிரி தகுதி இல்லாதவர்களா? அவருக்கு அந்த வார்த்தையை வருஷத்துக்கு ஒருநாள் சாமியார் சொல்கிறார். எங்களுக்கோ டீக்கடை சொன்னது, கிணறு சொன்னது, பள்ளிக்கூடத்து வாத்தியார் சொன்னார், சுடுகாட்டுப் பாதை சொன்னது. வருஷம் பூரா கேட்டதையே கடவுள் பிறந்த இராத்திரியிலும் கேட்கவா குளிரில் நடந்து கோயிலுக்கு வருகிறோம்?

தகுதியின்மை என்று இரண்டு இருக்கிறது, தோழர்களே. ஒன்று, தான் செய்த அநியாயம் தன் நெஞ்சைக் குத்துவதால் வருவது. கூலியைக் குறைத்தவனுக்கும், பொண்டாட்டியை அடித்தவனுக்கும், பொய்ச் சாட்சி சொன்னவனுக்கும் வரவேண்டியது அது. இன்னொன்று, அடுத்தவன் செய்த அநியாயத்தால் நம்மேல் ஏற்றப்பட்டது. பிறக்கும் முன்னாலேயே எழுதி வைத்தது. முதலாவதுக்குப் பாவம் என்று பேர். இரண்டாவதுக்குச் சாதி என்று பேர். இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டி, 'நாமெல்லாம் தகுதியற்றவர்கள்' என்று முத்திரை குத்தினால், குற்றம் செய்தவன் தப்பித்துக்கொள்கிறான், குற்றத்துக்கு ஆளானவன் முட்டி போடுகிறான். இதைத்தான் நம் கோயில்கள் கிறிஸ்துமஸ் என்கின்றன.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மதம் மாறியவர்களின் நிலை பற்றி பாபாசாகேப் அம்பேத்கர் எழுதி வைத்த கட்டுரை அவர் மறைவுக்குப் பிறகு 1989-ல் நூல் தொகுதியில் அச்சானது. அதில் அவர் கேட்கிற கேள்வி கூர்மையானது. தீண்டப்படாதவன் இந்துவாக இருந்தபோது அவன் வீழ்ச்சிக்கு அவனுடைய கர்மம் காரணம் என்றார்கள். கிறித்தவனான பிறகு மூதாதையரின் பாவம் காரணம் என்று அவனே கற்றுக்கொள்கிறான். அவனை வீழ்த்திய சமூகத்தை இரண்டு இடத்திலும் யாரும் கூண்டில் ஏற்றவில்லை. அம்பேத்கர் இதை எதிரியாக நின்று சொல்லவில்லை. ஏசுவின் மேல் மரியாதை உள்ளவராகத்தான் சொன்னார். நம் குருமடங்களில் எத்தனை பேர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பிரசங்க மேடை ஏறுகிறார்கள்?

*

சரி, அவர்கள் புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். நற்செய்தி நூல்களில் தகுதி இல்லை என்று வாய்விட்டுச் சொல்கிறவர்கள் யார் யார் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தேன்.

என் வீட்டுக்குள் வர நீர் வேண்டாம், எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று சொன்னவன் நூற்றுவர் தலைவன். ஆக்கிரமித்த ஆட்சியின் படை அதிகாரி. வா என்றால் வருவதற்கும் போ என்றால் போவதற்கும் அவனுக்குக் கீழே ஆள் இருந்தது. நாசரேத்துத் தச்சனிடம் அவன் அப்படிச் சொன்னான். அது அதிகாரம் தலை குனிகிற வாக்கியம். அதைத்தான் பூசையில் நற்கருணை வாங்கும் முன்னால் எல்லோரும் சொல்கிறோம். நூறு வேலையாட்களை ஏவுகிறவன் சொல்ல வேண்டியதை அந்த நூறு பேரையும் சொல்ல வைத்தாயிற்று.

மகன் என்று சொல்லிக்கொள்ளத் தகுதி இல்லை என்றவன் ஊதாரி மகன். அவன் யார்? சொத்தில் பங்கு பிரித்து வாங்கிக்கொண்டு போய் அழித்தவன். அழிப்பதற்கு எங்களுக்குச் சொத்து ஏது?

செருப்பு வாரை அவிழ்க்கக்கூட எனக்குத் தகுதி இல்லை என்றவர் திருமுழுக்கு யோவான். அவர் குரு குலத்தில் பிறந்தவர், செக்கரியாவின் மகன். குருவின் மகன் அப்படிச் சொன்னால் அதில் ஒரு கலகம் இருக்கிறது. செருப்புத் தைத்தே வயிறு கழுவிய நம் சனத்துக்கு அடுத்தவன் செருப்பைத் தொடுவது தாழ்மையல்ல, தினசரி வேலை.

இப்போது கிறிஸ்துமஸ் கதைக்கு வாருங்கள். இராத்திரி வெட்டவெளியில் கிடை காத்துக்கொண்டிருந்தார்கள் இடையர்கள். தூதன் அவர்களிடம் முதலில் சொன்னது பயப்படாதே என்பது. பாவத்தை நினைத்து அழு என்றோ, குளித்துவிட்டு வா என்றோ, தகுதி இருக்கிறதா பார் என்றோ சொல்லவில்லை. அவர்களும் நாங்கள் எம்மாத்திரம் என்று தயங்கவில்லை. வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம் என்று ஓடினார்கள். குழந்தைக்குப் பக்கத்தில் போக அவர்களுக்கு யார் சிபாரிசும் வேண்டியிருக்கவில்லை. மன்னிப்பு என்ற சொல்லே அந்த இடத்தில் இல்லை. மகிழ்ச்சிச் செய்தி என்றுதான் இருக்கிறது.

மரியாளைப் பாருங்கள். கடவுள் தன் அடிமையின் எதைப் பார்த்தார் என்று அவள் பாடுகிறாள்? பழைய வேதாகமத்தில் 'தாழ்மை' என்று இருக்கிறது. 1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பில் 'தாழ்நிலை' என்று இருக்கிறது. கிரேக்க மூலத்தில் லூக்கா எழுதிய சொல் தபெய்னோசிஸ். அடக்க ஒடுக்கமான குணத்தை அது குறிப்பதில்லை. தாழ்த்தப்பட்டுக் கிடக்கும் நிலைமையைக் குறிக்கிறது. தாழ்மையும் தாழ்த்தப்பட்டமையும் ஒன்றா? முந்தியது குணம், பிந்தியது கொடுமை. அந்தக் கொடுமையைத்தான் கடவுள் பார்த்தார் என்கிறாள் அந்தப் பெண். பார்த்ததும் என்ன நடந்ததாம்? இருக்கையில் இருந்தவர்கள் இறங்கினார்கள், பசித்தவர்கள் வயிறு நிறைந்தது, பணக்காரர்கள் வெறுங்கையோடு போனார்கள். இப்படிப் பாடினவளைப் பணிவின் சிகரமாக்கிப் பட்டுப்புடவை கட்டித் தேரில் உட்காரவைத்துவிட்டார்கள். அவள் சொன்னதைக் கேட்காமலிருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு சொல்லையும் பார்க்க வேண்டும். சத்திரத்தில் இடம் இல்லை என்றுதான் நாம் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அந்த இடத்தில் லூக்கா போட்டிருக்கிற கட்டாலுமா என்ற சொல்லை, பின்னால் இராவுணவு நடந்த விருந்தினர் அறைக்கும் அவரே போடுகிறார். வழிப்போக்கர் காசு கொடுத்துத் தங்குகிற சத்திரத்துக்கு, நல்ல சமாரியன் கதையில், வேறு சொல் வைத்திருக்கிறார். அதனால் பெத்லகேமில் கதவை மூடியது முன்பின் தெரியாத சத்திரக்காரன் அல்ல, சொந்தக்காரர் வீட்டில்தான் அறை கிடைக்கவில்லை என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். யோசேப்புக்கு அது பூர்வீக ஊர். சொந்த ஊரில், சொந்த வம்சத்தில், நிறைமாதக்காரிக்கு உள்ளே இடம் இல்லை. மாட்டுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள் என்றது அந்நியன் அல்ல, பங்காளி.

இது எங்களுக்குத் தெரிந்த கதை. 'சகோதர சகோதரிகளே' என்று கூப்பிடுகிற வீட்டுக்குள்தான் எங்களுக்கு இடம் இல்லாமல் இருந்தது.

*

அந்த வீட்டின் கணக்கைக் கொஞ்சம் புரட்டுவோம். 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமண சந்நியாசி போல வாழ்ந்தார். மதம் மாறிய மேல்சாதியார் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று போப் 15-ஆம் கிரகோரி 1623-ல் அனுமதி கொடுத்தார். ஒடுக்கப்பட்ட சாதிகளைக் கவனிக்கப் பண்டாரசாமிகள் என்று தனியே ஒரு வகைத் துறவியர் பின்னால் ஏற்பட்டார்கள். ஆக, ஏசுவிடம் வருவதற்கு மேல்சாதியார் எதையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. கழற்றச் சொல்லாதது மட்டுமா, அவர்களுக்கு ஏற்ற மாதிரி கடவுளின் ஊழியரையே இரண்டாக வெட்டினார்கள்.

புராட்டஸ்டண்ட் பக்கம் மட்டும் சுத்தமா? தரங்கம்பாடி மிஷனில் 1733-ல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்ற ஆரோன் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சாவூர்ச் சீமையில் இராஜநாயக்கன் என்ற பறையர் உபதேசியாராக இருந்தார். ராஜாவின் படையில் சிப்பாயாக இருந்தவர், தமிழ்ப் புதிய ஏற்பாட்டைத் தானே படித்து வந்தவர். அடி உதைக்கு நடுவே சபையை வளர்த்தவர். அவருக்கு அபிஷேகம் இல்லை. அவர் கையால் மேல்சாதிக் கிறித்தவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். படிப்பில் குறை இல்லை, பக்தியில் குறை இல்லை. தகுதி இல்லாமல் போனது கை மட்டும்தான். தகுதி என்ற வார்த்தையை மேடையில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இராஜநாயக்கன் கை ஞாபகம் வருகிறது.

வடக்கன்குளத்தில் வெள்ளாளரையும் நாடார்களையும் பிரித்துக் கோயிலுக்குள் நின்ற தடுப்பு 1910-ல் இடிக்கப்பட்டபோது, மேல்சாதியார் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூரில் செத்தவர்களுக்கு நடுவே கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பினார்கள். எறையூரில் தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டதற்காக 2008 மார்ச்சில் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் இரண்டு உயிர் போனது. இந்த ஊர்களில் எல்லாம் வருஷா வருஷம் குடில் கட்டினார்கள். வைக்கோல் பரப்பினார்கள். இடமில்லை என்ற கதையை வாசித்துக் கண்ணீர் விட்டார்கள்.

நான் பார்த்ததையும் சொல்கிறேன். எங்கள் பங்கில் நள்ளிரவுப் பூசை முடிந்ததும் குழந்தை ஏசு சுரூபத்தின் பாதத்தை முத்தி செய்யப் போவோம். ஒவ்வொருத்தர் முத்தி செய்ததும் பூசை உதவிப் பையன் வெள்ளைத் துணியால் துடைப்பான். ஊர்த்தெரு வரிசை முதலில். அது முடிந்து எங்கள் தெரு வரிசை தொடங்கும்போது அந்தத் துணி மடித்து வைக்கப்படும், வேறொரு துணி வரும். அதே குழந்தை, அதே பாதம், எங்கள் வாய்க்குத் தனித் துணி. காலேஜில் சேர்ந்த வருஷம் நான் போய்க் கேட்டேன். துணி ஈரமாயிடுச்சுப்பா என்றார்கள். வருஷா வருஷம் ஊர்த்தெருவின் கடைசி ஆள் வாயில்தான் அது சொல்லி வைத்த மாதிரி ஈரமானது.

வீட்டுக்கு வந்து எங்க ஆயாவிடம் சொன்னேன். அது படிக்காத பொம்பளை. பண்ணையார் தொழுவத்தில் இருபது வருஷத்துக்கு மேலே சாணி அள்ளினது. "பெரிய மனுசங்க தொடச்சுக்கட்டும்டா. மாட்டுக் கொட்டாயில பொறந்த புள்ளைக்கு யாரு வாசன பழக்கம்னு அதுக்குத் தெரியாதா?" என்றது. இன்னொரு நாள், கடவுள் எவ்வளவு தாழ்மையாய்த் தொழுவத்தில் பிறந்தார் என்று சாமியார் உருகிப் பிரசங்கம் வைத்துவிட்டுப் போனார். "இதுல இன்னாடா தாழ்ம கீது? உங்கப்பன் பொறந்தது நாத்தங்கா வரப்புல. வலி வந்த எடத்துல தான பெக்கணும்?" என்று கேட்டது.

இந்தக் கேள்விக்கு இறையியலில் பதில் இருக்கிறதா? தொழுவத்தைத் தாழ்ந்த இடம் என்று சொல்கிறவன் மாளிகையில் நின்றுகொண்டு சொல்கிறான். மேலேயிருந்து பார்த்தால் கடவுள் இறங்கினார் என்றுதான் தெரியும். எங்க ஆயா நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவர் எங்கேயும் இறங்கவில்லை, பக்கத்தில் பிறந்திருக்கிறார். பிரசங்கம் வைக்கிறவருக்கும் கேட்கிற எங்களுக்கும் இத்தனை தூரம் இருக்கிறது.

*

மறுப்பு வரும். தெரியும். 'எல்லோருமே பாவிகள்தானே, தலித்துகள் பாவமே செய்வதில்லையா?' செய்கிறோம். சாராயத்துக்குக் கூலியைத் தொலைக்கிறவன் எங்களில் உண்டு. பெண்டாட்டியை அடிக்கிறவன் உண்டு. தனக்கும் கீழே ஒரு சாதியைத் தேடிப் பிடித்து, அருந்ததியரை ஒதுக்கி வைக்கிறவன் உண்டு. அந்தப் பாவங்களைப் பேர் சொல்லிப் பேசுங்கள், தலைகுனிந்து கேட்கிறோம். ஆனால் பேர் சொல்லாத பொதுப் பாவம் என்பது வசதியான ஏற்பாடு. எல்லோரும் பாவி என்று சொல்லிவிட்டால் யாரும் எதையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. சக்கேயு அப்படிச் செய்யவில்லை. வசூலித்ததை நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்றான். அந்தக் கிறித்தவத்தை இந்த ஊரில் யார் செய்தார்கள்?

நம் பக்கத்துத் தோழர்களும் கேட்பார்கள். அம்பேத்கர் 1956-ல் பௌத்தத்துக்குப் போனார், பெரியார் கடவுளே வேண்டாம் என்றார், நீ இன்னும் குடிலையும் தொட்டிலையும் பிடித்துக்கொண்டு என்னய்யா செய்கிறாய் என்று. நியாயமான கேள்வி. போனவர்களை நான் மதிக்கிறேன். பாமா கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்துதான் 1992-ல் 'கருக்கு' எழுதினார். அந்தப் புத்தகம் இல்லாவிட்டால் நம்மில் பலர் எழுத உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆனால் ஒன்று. கோயில் அவர்கள் கையில் இருக்கலாம், அந்தப் பிள்ளை எப்படி அவர்கள் சொத்தாகும்? பரட்டை என்ற பேரில் பாட்டுக் கட்டிய தியோபிலஸ் அப்பாவு மதுரை இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, பறையையும் கிராமத்து மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டு வந்தார். ஒரே உலையில் சேர்ந்து பொங்கித் தின்பதை நற்கருணை என்றார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எனக்கும் அந்த வழிதான்.

அரசாங்கமும் எங்களைப் பார்த்து இடம் இல்லை என்றுதான் சொல்கிறது. 1950-ஆம் வருஷத்துக் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் அட்டவணைச் சாதி ஆகமாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. சென்னையில் ரோட்டோரம் உட்கார்ந்து செருப்புத் தைத்த சூசை என்பவர், மற்றத் தொழிலாளர்களுக்கு அரசு கொடுத்த பங்க் தனக்குக் கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தோற்றார். கிறித்தவனான பிறகும் அதே இழிவு, அதே அளவில் தொடர்கிறது என்பதை நிரூபிக்கவில்லை என்று தீர்ப்பு. வாரைத் தைக்கிற கைக்கு மதம் மாறியதும் வேலை மாறிவிட்டதா, மழை வெயில் மாறிவிட்டதா? ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் மத வரம்பை எடுக்கச் சொல்லி அறிக்கை கொடுத்தது. அது கிடப்பில் கிடக்க, 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். சாதிச் சலுகை கேட்டால் 'உங்கள் மதத்தில்தான் சாதி இல்லையே' என்கிறது அரசு. கோயிலில் சமத்துவம் கேட்டால் 'ஊர் வழக்கம்' என்கிறது சபை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டது போல.

மேலே இருப்பவர்களுக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. 2003-ல் தமிழக ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்திய ஆயர் பேரவை 2016-ல் தலித் மேம்பாட்டுக்கு என்று ஒரு கொள்கையே வெளியிட்டது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். நொபிலி வந்து 400 வருஷம் கழித்து. சந்தோஷம்தான். ரோமில் சிவப்புத் தொப்பி வந்துவிட்டது, எங்கள் ஊரில் துணி மாறினால் தேவலை.

*

கடைசியாக, உண்மையிலேயே தன்னைத் தகுதியில்லாதவர் என்று நினைத்துக் குமைகிறவர்களிடம் பேச வேண்டும். ஹாஸ்டலில் எந்த ஊரு, எந்தத் தெரு என்று கேட்டதும் எச்சில் விழுங்குகிற தம்பியிடம். கோயில் காலியாக இருந்தாலும் தூணுக்குப் பின்னாலேயே போய் நிற்கிற அக்காவிடம். பீடத்தில் வாசகம் வாசிக்கக் கூப்பிட்டால் வேற யாரையாவது கூப்புடுங்க சாமி என்று பின்வாங்குகிற பெரியப்பாவிடம். உங்கள் நெஞ்சில் இருக்கிற அந்தக் கனம் உங்களுடையதில்லை. வேறொருவன் மூட்டை அது. உங்கள் தலையில் ஏற்றிவிட்டு அவன் கைவீசி நடக்கிறான். அதைச் சுமந்துகொண்டு வந்தால்தான் குடிலுக்குள் விடுவேன் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. இடையர்கள் கோலோடும் கம்பளியோடும், ஆட்டு வாசனையோடும் போனார்கள். போன மாதிரியே உள்ளே போனார்கள். கிறிஸ்துமஸுக்கு அர்த்தம் என்று ஒன்று இருந்தால் இதுதான். இறக்கி வையுங்கள். நேராய்ப் போங்கள்.

பிரசங்கம் வைக்கிறவர்களிடம் இந்த டிசம்பருக்குச் சில காரியங்கள் கேட்கிறேன். தகுதியின்மை பற்றிப் பேசுவதென்றால் முன் வரிசையைப் பார்த்துப் பேசுங்கள். பாதம் முத்தி செய்கிற வரிசையைப் பின்னாலிருந்து தொடங்குங்கள், ஒரே துணியால் துடையுங்கள். கேரல் ஊர்வலம் சேரியில் புறப்பட்டு ஊருக்குப் போகட்டும். ஜனவரி பிறக்கும் முன்னால் கல்லறைக்கு ஒரே பாதை, ஒரே வாசல் என்று பங்குப் பேரவையில் தீர்மானம் போட்டு, ஊர்க்காரர் எதிர்த்தால் பூசையை நிறுத்துங்கள். இதில் ஒன்றையும் செய்ய முடியாது, ஊர்க் கட்டுப்பாடு குறுக்கே நிற்கிறது என்றால், குடில் கட்டும் வேலையையாவது விட்டுவிடுங்கள். வைக்கோலை மாட்டுக்குப் போடலாம்.